உணவுக்கும் மருந்துக்கும் நடுவில்: சத்துக் குளிசைகளின் சந்தையும் சட்டமும்

ஏறாவூரிலிருந்து கல்முனை வரை வாவியோரமாக நீளும் எங்கள் ஊர்களில் ஒரு பொருள் நான்கு இடங்களில் கிடைக்கிறது. பாமசியின் கண்ணாடி அலுமாரியில் அதற்குப் பெயர் விற்றமின். ஜிம்மில் அதுவே புரோட்டீன் மா. நாட்டு மருந்துக் கடையில் லேகியம். கட்டாரிலோ சவூதியிலோ இருந்து வரும் மகனின் பெட்டிக்குள் வந்தால் அதன் பெயர் வெறும் "சத்து". இப்போது ஐந்தாவதாக ஒரு கடையும் திறந்திருக்கிறது. அதற்கு வாடகை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, மூடும் நேரமும் இல்லை. அது வட்ஸ்அப்.

விற்பவரிடம் கேட்டால் மறுமொழி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்: "இது மருந்தில்ல காக்கா, சத்துதான். ஒரு சைட் இபெக்டும் வராது." அடுத்த மூச்சிலேயே, "எங்கட உம்மாக்கு இதக் குடிச்சுத்தான் சீனி நல்லாக் குறஞ்சிட்டு" என்பார். இந்த இரண்டு வசனங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்கிற ஒன்று உடலில் வேலை செய்கிறது. உடலில் வேலை செய்யும் எதற்கும் அளவு உண்டு, அளவு மீறினால் விளைவும் உண்டு. மருந்தின் பலனைச் சொல்லி விற்றுவிட்டு, பொறுப்புக் கேட்கும்போது மட்டும் உணவு என்று சொல்லித் தப்புகிற அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரத்தின் பெரும்பகுதி நடக்கிறது. இதை எங்கள் நாட்டுச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, உலகம் எப்படிப் பார்க்கிறது, நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

மூன்று வாசல்கள்

போசணைக் குறைநிரப்பி என்பது நாளாந்த உணவில் குறைவதை நிரப்புவதற்காகக் குளிசை, கப்சூல், தூள், பாணி ஆகிய வடிவங்களில் எடுக்கப்படும் செறிவான சத்து. விற்றமின்கள், கல்சியம், இரும்பு, மீன் எண்ணெய், புரதத் தூள், மூலிகைச் சாறு எல்லாம் இதற்குள் அடங்கும். இலங்கையில் இப்படியான ஒரு பொருள் சந்தைக்கு வருவதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். இதன் கீழ் பிரதான உணவு அதிகாரியாக இருப்பவர் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். ஊர் மட்டத்தில் இதை நடைமுறைப்படுத்துபவர்கள் நாம் பி.எச்.ஐ. என்று அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். பொய்யான, மயக்கம் தருகிற லேபலையும் விளம்பரத்தையும் இச்சட்டம் தடை செய்கிறது.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. புதிய சட்டம் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் மட்டும் பேசாமல், "எல்லைக்கோட்டு உற்பத்திகள்" என்ற ஒரு வகையையும் வரையறுத்தது. மருந்தின் குணமும் உணவின் குணமும் சேர்ந்திருப்பவை, அல்லது மருந்தின் குணமும் அழகுசாதனத்தின் குணமும் சேர்ந்திருப்பவை இதற்குள் வரும். எங்கள் அலுமாரிகளில் உள்ள பல போத்தல்கள் சட்டத்தின் கண்ணில் இந்தக் கோட்டின் மீதுதான் நிற்கின்றன.

மூன்றாவது, 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். ஆயுர்வேதத்தோடு சித்தமும் யூனானியும் இதற்குள் அடங்கும். மூலிகைத் தயாரிப்புகள் பெரும்பாலும் இந்த வாசலால் வருகின்றன.

மூன்று வாசல் இருப்பது தவறில்லை. மருந்து என்ற வாசலில் சோதனை கடுமை: தரம், பாதுகாப்பு, பலன் மூன்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். உணவு என்ற வாசலில், பலனை நிரூபித்துக் காட்டிய பிறகுதான் விற்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே சாதாரண வியாபாரி எந்த வாசலைத் தேடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உணவாக உள்ளே வந்து, மருந்தாக விலைப்படுவதே இலாபம்.

கேகாலைப் பாணி கற்றுத் தந்தது

இந்த வாசல் விளையாட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதை நாடே பார்த்தது 2020ஆம் ஆண்டின் கடைசியில். கேகாலையைச் சேர்ந்த தம்மிக பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைத் தயாரித்து, அது கொவிட்டிலிருந்து காக்கும் என்று சொன்னார். டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் சுகாதார விதிகளையெல்லாம் மறந்து அவருடைய ஊரில் குவிந்தார்கள். ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி அந்தப் பாணிக்கு உணவுக் குறைநிரப்பி என்ற வகையில் கிடைத்தது. கொவிட்டுக்கு மருந்து என்று எந்த நிறுவனமும் அதை நிரூபிக்கவில்லை. ஆனால் "அனுமதி கிடைச்சிட்டாம்" என்ற செய்திதான் சனத்தின் காதுக்குப் போனது. எந்த வகையில் கிடைத்தது என்ற பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. பகிரங்கமாக அந்தப் பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கு 2021 ஜனவரியில் கொவிட் தொற்று உறுதியானது.

இதில் ஒரு தனி மனிதரைப் பழிப்பதால் பயனில்லை. பதிவு என்ற சொல்லுக்குப் பல அர்த்தங்கள் இருக்கின்றன என்பதே பாடம். ஒரு வியாபாரத்தைப் பதிவு செய்வது வேறு. வர்த்தகக் குறியைப் பதிவு செய்வது வேறு. உணவாக விற்க அனுமதி பெறுவது வேறு. ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபித்து மருந்தாகப் பதிவு செய்வது முற்றிலும் வேறு. "கவர்மென்ட்டுல பதிஞ்ச சாமான்" என்று ஒருவர் சொன்னால், இந்த நான்கில் எது என்று கேட்பது எங்கள் உரிமை.

அமெரிக்காவில் தளர்ந்த கயிறு

எங்கள் கடைகளிலுள்ள போத்தல்களில் கணிசமானவை அமெரிக்கப் பெயரோடு வருகின்றன. அமெரிக்காவில் விற்கிற பொருள் என்றால் அங்குள்ள அரசு சோதித்துத்தானே விட்டிருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. நிலைமை அப்படியில்லை. 1994இல் அந்நாடு இயற்றிய உணவுக் குறைநிரப்பிகள் சட்டத்தின்படி, சந்தைக்கு வருமுன் பலனையும் பாதுகாப்பையும் அரசுக்கு நிரூபிக்க வேண்டிய கடமை உற்பத்தியாளருக்குப் பொதுவாக இல்லை. கெடுதல் என்று தெரிந்த பிறகு அதை நிரூபித்து அகற்ற வேண்டியது அரசின் பாடு. அந்தப் போத்தல்களின் பின்பக்கத்தில், இந்தக் கூற்றை அரச நிறுவனம் மதிப்பிடவில்லை, இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கல்ல என்ற பொருளில் ஒரு வசனம் சிற்றெழுத்தில் இருக்கும். முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும் வட்ஸ்அப் வியாபாரி பின்பக்கத்தை அனுப்புவதில்லை.

கயிறு தளர்ந்ததன் விளைவை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே 2019இல் கணக்கிட்டுச் சொன்னது. சட்டம் வந்தபோது சுமார் 4,000 பொருட்களோடு 400 கோடி டொலர் பெறுமதியாக இருந்த தொழில், 25 வருடத்தில் 50,000க்கு மேற்பட்ட பொருட்களோடு 4,000 கோடி டொலரைத் தாண்டியது.

பெருகியதோடு கலப்படமும் பெருகியது. 2007 முதல் 2016 வரை அதே நிர்வாகம் கண்டுபிடித்த கலப்படக் குறைநிரப்பிகள் 776 என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு தொகுத்துக் காட்டியது. லேபலில் எழுதாத மருந்துகள் உள்ளே இருந்தன. பெரும்பாலானவை மூன்று வகை: ஆண்மைக்கு என்று விற்பவை, உடல் மெலிய என்று விற்பவை, தசை வளர்க்க என்று விற்பவை. ஆண்மைத் தூளுக்குள் சில்டனாபில் இருந்தது. மெலிய வைக்கும் கப்சூலுக்குள் சிபுட்ரமின் இருந்தது. இருதயத்துக்குக் கேடு என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்ட மருந்து அது. தசைத் தூளுக்குள் ஸ்டெரொய்ட் வகைகள் இருந்தன.

இது தூர தேசத்துக் கதையாகத் தெரியலாம். ஆனால் இருதய நோயாளி ஒருவர் நெஞ்சு நோவுக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் குளிசையும் பாவித்துக்கொண்டு, "தனி மூலிகை" என்று நம்பி சில்டனாபில் கலந்த தூளையும் எடுத்தால், அவருடைய இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். வைத்தியசாலையில் டொக்டர் என்ன குடித்தீர்கள் என்று கேட்கும்போது, வெட்கத்தில் அவர் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

வேறு நாடுகள் வேறு விதமாகக் கயிற்றைப் பிடிக்கின்றன. மலேசியாவில் சுகாதாரக் குறைநிரப்பிகள் விற்பனைக்கு முன்னரே பதிவாக வேண்டும்; பொதியில் அதன் பதிவிலக்கம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் எந்த விற்றமின்களையும் கனியுப்புகளையும் எந்த வடிவில் சேர்க்கலாம் என்று பட்டியலிட்டது. இந்தியா 2016இல் இவ்வகைப் பொருட்களுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

எங்கள் சந்தை எப்படி மாறியது

இலங்கையில் இந்தச் சந்தையைப் புரட்டிப்போட்டவை இரண்டு: கொவிட், அதன் பின் வந்த பொருளாதார நெருக்கடி. கொவிட் காலத்தில் "எதிர்ப்புச் சக்தி" என்ற சொல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் சாமான்களின் விலை ஏறியது. நல்ல பொருள் அரிதாகி விலை ஏறும்போது, அதன் இடத்தைப் பிடிக்கப் போலி வரும். மஞ்சள் இதற்குச் சாட்சி. இறக்குமதி நின்று விலை எகிறிய 2020இல், மாக் கலந்த மஞ்சள் தூள் சந்தைக்கு வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். சாதாரண மஞ்சளுக்கே அந்தக் கதி என்றால், பல ஆயிரம் ரூபாவுக்குப் போகும் புரத மாவுக்கு என்ன கதி?

புரத மாவில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. வழமையான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைதரசனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே நைதரசன் கூடிய மலிவான ஒன்றைக் கலந்தால் கடதாசியில் புரதம் கூடும். 2008இல் சீனாவில் பால்மாவுக்குள் மெலமைன் கலந்தது இந்தக் கணக்கில்தான். ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் மூன்று இலட்சம் பிள்ளைகள் பாதிக்கப்பட்டன.

இன்னொரு மாற்றம், விற்பவர் யார் என்பதில். முன்பு விற்பவர் கடைக்காரர். இப்போது மச்சான், மாமி, கூடப் படித்தவர். ஆள் சேர்த்து விற்கும் முறையில் பொருளோடு உறவும் சேர்ந்து விலைப்படுகிறது. வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும் என்று வாங்குகிறோம். பொருள் விற்பதால் வரும் வருமானத்தைவிடப் புதிய ஆட்களைச் சேர்ப்பதால் வரும் வருமானம் முக்கியமாகிவிட்டால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் அது இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட குற்றம். இப்படியான திட்டங்களைப் பற்றி மத்திய வங்கி அடிக்கடி அறிவுறுத்தி வருகிறது.

மார்க்கமும் இப்போது விளம்பரத்தில் ஏறிவிட்டது. கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை அறியாத வீடு எங்களிடையே இல்லை. அந்த மதிப்பை வைத்து, எங்கோ செக்கில் ஆட்டிய எண்ணெயை "சுன்னத்தான மருந்து" என்று ஒட்டி, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கருஞ்சீரகம் இரத்தச் சீனியையும் அழுத்தத்தையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டுகின்றன. ஆனால் மெட்போமினை நிறுத்திவிட்டு இதைக் குடி என்று சொல்ல எந்த ஆய்வும் இல்லை. ஹதீஸின் கண்ணியம் விதைக்கு உரியது. போத்தலுக்குள் என்ன ஊற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு வியாபாரிதான் பொறுப்பு. மருந்து தேடுங்கள் என்று சொன்ன மார்க்கம்தான், அளவையில் மோசடி செய்யாதே என்றும் சொன்னது.

கப்சூலின் தோல்

எங்கள் வாசகர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. உள்ளே இருக்கும் சத்தைக் கேட்கிறோம்; கப்சூலின் தோல் எதனால் ஆனது? பெரும்பாலும் ஜெலட்டினால். ஜெலட்டின் விலங்கின் தோலையும் எலும்பையும் அவித்து எடுப்பது. அமிலத்தில் ஊறவைத்து எடுக்கும் முதல் வகை பொதுவாகப் பன்றித் தோலிலிருந்து வருகிறது. காரத்தில் ஊறவைத்து எடுக்கும் இரண்டாம் வகை பொதுவாக மாட்டின் தோல், எலும்பிலிருந்து. மாடு என்றாலும் அறுத்த முறை என்ற கேள்வி மீதமிருக்கிறது. மீன் எண்ணெய்க் கப்சூலின் உள்ளே மீன் இருந்தாலும் வெளியே மாடோ பன்றியோ இருக்கலாம். குளிசையாக வரும் விற்றமின் ஏ, டி தூள்களில்கூட ஜெலட்டின் பூச்சு இருப்பதுண்டு. டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டின் கம்பளி எண்ணெயிலிருந்தும், குளுக்கோசமின் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும் எடுக்கப்படுகின்றன.

அறிஞர்களிடையே இதில் ஒரே குரல் இல்லை. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்த அனுமதி இல்லை என்றது. 1995இல் குவைத்தில் நடந்த இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பின் கருத்தரங்கு, முற்றாக உருமாறிவிட்ட பொருள் இஸ்திஹாலா அடிப்படையில் சுத்தமாகும் என்ற பக்கம் சாய்ந்தது. உயிர் காக்கும் மருந்துக்கு நிர்ப்பந்தம் என்ற சலுகை இருக்கிறது. ஆனால் விருப்பத்துக்கு வாங்கும் அழகுக் குளிசைக்கு அந்த நிர்ப்பந்தம் எங்கிருந்து வரும்? தாவர நாரினால் செய்த எச்.பி.எம்.சி. கப்சூல்கள் இன்று தாராளமாகக் கிடைக்கும்போது இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடுகிறது.

ஹலால் சான்றிதழை 2013 வரை அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா வழங்கியது. அந்த வருடத்து எதிர்ப்பு அலைக்குப் பிறகு, 2014 முதல் ஹலால் அங்கீகாரப் பேரவை அதைச் செய்து வருகிறது. ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: ஹலால் இலச்சினை மூலப்பொருளுக்கும் தயாரிப்பு முறைக்கும் சாட்சி. அது சீனியைக் குறைக்கும் என்பதற்குச் சாட்சியாகாது.

யாருக்குத் தேவை, யாருக்குக் கெடுதல்

குறைநிரப்பிகள் எல்லாமே ஏமாற்று என்று சொல்வதும் பிழை. கருத்தரிப்பதற்கு முன்னரே போலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடு பெருமளவு தவிர்க்கப்படும். 1991இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வு, முன்பு இக்குறைபாடுள்ள பிள்ளை பெற்ற தாய்மாரிடையே 72 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. 1995இல் இலங்கை உப்பில் அயடீன் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. 1973இல் தொடங்கிய திரிபோஷ, சோளமும் சோயாவும் சேர்ந்து தலைமுறைகளை வளர்த்தது. 2022இல் அதில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு பற்றிய சர்ச்சை எழுந்தபோது நாடே பேசியது. அரசு கொடுக்கும் சத்து மாவையே சோதித்துக் கேள்வி கேட்கும் நாம், பெயர் தெரியாத போத்தலைக் கேள்வியின்றி விழுங்குகிறோம்.

மிட்வைப் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு, போலிக் குளிசைகளை "வாந்தி வருது" என்று யன்னலால் எறிந்துவிட்டு, அதே தாய்க்கு வெளியிலிருந்து ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போத்தல் வாங்கும் வீடுகள் எங்கள் ஊர்களில் உண்டு. இலவசமாகக் கிடைப்பதால் அது மதிப்புக் குறைந்ததாகிவிடுகிறது.

கெடுதலின் பக்கத்தையும் பார்ப்போம். புகைப்பவர்களுக்கு நன்மை செய்யும் என்று நம்பி பின்லாந்தில் பீற்றா கரோட்டீன் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கரட் கறியில் இருக்கும்போது நல்லதாக இருந்தது, செறிவாக்கிய குளிசையில் வேறு முகம் காட்டியது. எங்கள் ஆணத்தில் போடும் மஞ்சளும் அப்படித்தான்: மிளகுச் சத்தோடு செறிவாக்கிய மஞ்சள் கப்சூல்கள் ஈரலைப் பாதிக்கலாம் என்று 2023இல் அவுஸ்திரேலிய மருந்து அதிகாரசபை எச்சரித்தது. சிறுநீரகம் பழுதான ஒருவர் நோனிச் சாறு குடித்தால் அதிலுள்ள பொட்டாசியம் இருதயத் துடிப்பையே குழப்பலாம். விற்றமின் ஏ அளவு மீறினால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு. முடிக்கு என்று எடுக்கும் பயோட்டின், தைரொயிட், இருதயச் சோதனைகளின் முடிவைப் பொய்யாக்கும் என்று 2017இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், உண்மையான மருந்தை நிறுத்துவது. "இதக் குடிச்சா இன்சுலின் தேவையில்ல" என்ற ஒரு வசனம் காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் பறித்துவிடும். நடக்கும்போது விற்றவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

வாங்குமுன் ஐந்து கேள்வி

ஒன்று, இது எந்தச் சட்டத்தின் கீழ் என்னவாகப் பதிவானது? தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இரண்டு, லேபலில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கமும், காலாவதித் திகதியும் இருக்கின்றனவா? பெட்டிக்குள் வந்த சாமானுக்கு இந்நாட்டில் பொறுப்பாளி இல்லை. மூன்று, ஒரே பொருள் சீனி, பிரஷர், மூட்டு நோவு, பிள்ளையின்மை எல்லாவற்றையும் தீர்க்கும் என்கிறார்களா? அப்படியானால் கீழே வைத்துவிடுங்கள். நான்கு, கப்சூல் தோலின் மூலம் என்ன? ஐந்து, நான் ஏற்கனவே எடுக்கும் மருந்தோடு இது மோதுமா? இந்தக் கடைசிக் கேள்வியை விற்பவரிடம் கேட்காமல், கிளினிக் கொப்பியோடு போய் டொக்டரிடமோ பாமசிஸ்டிடமோ கேளுங்கள். போத்தலையும் கையில் கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம்.

முறைப்பாடு செய்வதற்கும் வழி உண்டு. லேபல், காலாவதி, பொய் விளம்பரம் என்றால் உங்கள் பிரதேச பி.எச்.ஐ.யிடம் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாடு பலவீனமானது. ஆகவே சொந்தக்காரரிடம் வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அதுவே ஒரு விடை.

ஊராகச் செய்யக்கூடியதும் உண்டு. பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஜம்இய்யதுல் உலமாவின் கிளைகளும் ஊரிலுள்ள பாமசிஸ்ட்மாரையும் யூனானி வைத்தியர்களையும் டொக்டர்மாரையும் வருடத்தில் ஒருமுறை ஒரே மேசையில் அமர்த்தி, எங்கள் கடைகளில் ஓடும் பொருட்களைப் பற்றிப் பேசவைக்கலாம். ஜும்ஆவுக்குப் பின் வாசலில் நோட்டீஸ் கொடுப்பவர் எதை விற்கிறார் என்பதை நிர்வாகம் ஒருதடவை பார்க்கலாம். ஜிம் நடத்தும் எங்கள் தம்பிமார், புரத மாப் பக்கற்றைத் திறக்குமுன் ஒரு நாள் உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று பையன்களுக்குக் கணக்குக் காட்டலாம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். வாவியிலிருந்து வரும் மீனும் இறாலும், எருமைத் தயிரும், வேலியோரத்து முருங்கையிலையும், பயறும் கச்சானும் எங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. நெத்தலியை முள்ளோடு சாப்பிடும் பிள்ளைக்குக் கல்சியம் போத்தலில் வரவேண்டியதில்லை. இவற்றையும் மீறி உண்மையாகவே குறை இருக்கிறதா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். குறை இருந்தால் வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு எடுப்போம். குறை இல்லையென்றால் அந்தக் காசுக்கு நல்ல மீன் வாங்கி ஆணம் காய்ச்சுவோம்.